குத்துத்துரையின் வலக்கை

அவர் நல்ல குத்துச்சண்டைக்காரரா என்று என்னைக் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். மேலே எழுதப்போவதைப் படித்துவிட்டு, கோபத்தில் அவருடைய திறமையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் ரங்கூனில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அப்பா ரயில்வே குமாஸ்தா. மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்தேன், பர்மியத்தைத் தாமுவே பேட்டைத் தெருக்களில் விளையாடியபோதே கற்றுக்கொண்டேன். உடம்பு ஒல்லி. பள்ளியில் யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை. அதனாலோ என்னவோ, குத்துச்சண்டை மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். மிஷன் வாசகசாலைக்கு லண்டனிலிருந்து ஒரு விளையாட்டு வாரப் பத்திரிகை வரும். கப்பலில் வருவதால் எப்போதும் ஒன்றரை மாதம் பழசாக இருக்கும். பழைய இதழ்களைக் கட்டுக் கட்டாக அலமாரிக்கு மேல் போட்டு வைத்திருப்பார்கள். அவற்றை ஒன்று விடாமல் படித்தேன். யார் யாரை எத்தனையாவது சுற்றில் வீழ்த்தினார், யாருக்கு எந்தப் புருவம் எளிதில் கிழியும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

அந்தக் கட்டுகளில்தான் அவருடைய பெயரை முதலில் பார்த்தேன். வட இங்கிலாந்தில் ஒரு நிலக்கரி ஊர்க்காரர். திருவிழாக் கூடாரங்களில் சண்டை போட்டு வளர்ந்தவர். பெரிய யுத்தத்துக்கு முன்பு நடுத்தர எடைப் பிரிவில் ஏழெட்டு வருஷம் பேர் சொல்லும்படி ஆடினார். சாம்பியன் பட்டத்தின் பக்கத்தில் இரண்டு முறை போய், இரண்டு முறையும் ஒரே ஆளிடம் தோற்றார். பத்திரிகைக்காரர்கள் அவரிடம் தயவு காட்டவில்லை. கால் மந்தம், தூரத்தில் நின்று ஆடத் தெரியாது, இடது புருவம் காகிதம்போலக் கிழியும் என்று எழுதினார்கள். ஆனால் அவரை ஒட்டி நின்று ஆடுவது ஆபத்து என்பதை எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள். அணைத்துக்கொள்கிற தூரத்தில், வலது கையால், எதிராளியின் இதயத்துக்குக் கீழே கடைசி விலாவின் மேல் ஒரு குட்டைக் குத்து வைப்பார். அது எப்போது விழுந்தது என்று நடுவருக்கே தெரியாது என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. நான்கு வருஷம் பதுங்குகுழியில் போயிற்று. திரும்பியபோது வயது முப்பத்து மூன்று, கால்கள் இன்னும் மோசம். காட்சிச் சண்டை நடத்தும் ஒரு கூட்டத்தோடு கப்பலேறிக் கொழும்பு, கல்கத்தா என்று சுற்றி ரங்கூன் வந்து சேர்ந்தார். இங்கே அந்தக் கூட்டம் கலைந்துபோனது. மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள், அவர் தங்கிவிட்டார். க்யிம்யிண்டைங் பேட்டையில் ஆற்றோரமாக இருந்த ஓர் அரிசி மில்லில், படகுத்துறையான ஜெட்டிக்கு அவரை மேற்பார்வையாளராக வைத்துக்கொண்டார்கள். மூட்டை தூக்கும் கூலிகளை வேலை வாங்குவதுதான் உத்தியோகம். அந்தக் கூலிகள் முக்கால்வாசிப் பேர் நம்மவர்கள். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் குத்துத்துரை.

அவர் சண்டை போட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. மைதானத்தில் கூடாரம் போட்டு, கப்பலில் கரி அள்ளும் ஓர் இளைஞனோடு அவரை மோதவிட்டார்கள். அவன் அவரைவிட அரைச் சாண் உயரம், பத்து வயது சின்னவன். இந்தியர்களான எங்களுக்கெல்லாம் பின்னால் பலகை இருக்கைதான். இரண்டு சுற்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. மூன்றாம் சுற்றில் இளைஞன் அவரைக் கயிற்றோடு நெருக்கி அணைத்துக்கொண்டான். அடுத்த கணம், களைத்துப்போன ஆள் நாற்காலியில் உட்காருவதுபோல மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

பலகையில் இருந்தவர்கள், "ஏமாத்து! காசு வாங்கிட்டுப் படுத்துட்டான்!" என்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய கையை அல்ல, வலது குதிகாலை. அது ஒரு கணம் உயர்ந்து திரும்பியது. இடுப்பு திரும்பியது. முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது. கை ஒரு சாண்கூடப் போகவில்லை.

சில மாதம் கழித்து, மில்லில் நடந்த ஓர் அரிசித் திருட்டு வழக்கில் சாட்சி சொல்ல அவர் எங்கள் கோர்ட்டுக்கு வந்தார். தாழ்வாரத்தில் தனியாகப் புகைபிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, பக்கத்தில் போய், "ஐயா, அந்தக் கூடாரச் சண்டையில் உங்கள் குதிகாலைப் பார்த்தேன்" என்றேன்.

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "குதிகாலையா பார்த்தாய்?"

"ஆமாம். கையைப் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லையே."

சிரித்தார். முன்பல் இரண்டு இல்லை. "இந்த ஊரில் அதைக் கவனித்தவன் நீ ஒருவன்தான். இப்படி வா." என் இடது விலாவின் கீழே முட்டியை வைத்தார். "கை போகக் கூடாது. போனால் அவன் பார்த்துவிடுவான். காலடித் தரையின் பலம்தான் குத்த வேண்டும். கை, அது வெளியே வருகிற வெறும் கதவு." சொல்லிக்கொண்டே, தட்டிக்கொடுப்பதுபோல மெல்லத்தான் வைத்தார். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மூச்சு திரும்பும்வரை என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். ஓர் அடையாளமும் இல்லை. ஒரு வாரம் வலித்தது. அந்த வலியில் எனக்குப் பெருமை.

அடுத்த வெயில் காலத்தில் அவர் மறுபடியும் கோர்ட்டுக்கு வந்தார். இந்த முறை குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

க்யிம்யிண்டைங் ஜெட்டியில் மூட்டை தூக்கிய ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் செத்துப்போயிருந்தார். முப்பது வயது இருக்கும். மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தவர், பலகைப் பாதையில் பாதி வழியில் மூட்டையை இறக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். துரை வந்து எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தார். பிறகு ஏதோ நடந்தது. மறுபடி உட்கார்ந்தவர் எழவே இல்லை. அன்று மாலைக்குள் உயிர் போய்விட்டது.

ஜெட்டியில் நாற்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். மேஸ்திரி, தான் எதையும் பார்க்கவில்லை என்றார். கூலிகளும் வரிசையாக வந்து அதையே சொன்னார்கள். பார்த்தேன் என்று சொன்னது ஒரே ஒருத்தி. செத்தவருடைய மனைவி. ஜெட்டியில் சிந்துகிற அரிசியைக் கூட்டி அள்ளுகிற வேலை அவளுக்கு. அவர்களிடமிருந்து பத்தடி தூரத்தில் துடைப்பத்தோடு நின்றிருக்கிறாள்.

டாக்டர் சாட்சி முதலில் நடந்தது. மலேரியாவால் மண்ணீரல் வீங்கியிருந்தது, அது உள்ளே கிழிந்து ரத்தம் கொட்டியிருக்கிறது, அப்படிப்பட்ட உறுப்பு ஒரு சின்னத் தள்ளலிலும் கிழியலாம், தடுக்கி விழுந்தாலும் கிழியலாம், வெளியே தோலில் காயமே இல்லை என்றார். துரையின் வக்கீல் உடனே எழுந்தார். கையில் ஒரு தடித்த நோட்டு. உள்ளே துரையைப் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை ஒட்டி வைத்திருந்தார்கள். நான் வாசகசாலையில் படித்த அதே துண்டுகள் சில அதில் இருந்தன.

அரைமணி நேரம் வக்கீல் துரையின் வாழ்க்கையை வாசித்தார். எந்த ஊரில் யாரை வென்றார், எத்தனை பேரைத் தரையில் கிடத்தினார் என்று. பிறகு நோட்டை மூடினார். "இந்தக் கை எப்படிப்பட்ட கை என்று கனம் கோர்ட்டாருக்கு இப்போது தெரியும். இந்தக் கை ஒரு நோயாளியின் மேல் உண்மையாக விழுந்திருந்தால் எலும்பு உடைந்திருக்கும், தோல் கறுத்திருக்கும். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் இவர் அடிக்கவில்லை. விலகச் சொல்லித் தொட்டிருக்கிறார், அவ்வளவுதான்."

அந்த அறையில் துரையைத் தவிர, அது பொய் என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். இருபது வருஷம் அவர் பாடுபட்டுக் கற்றதே, அடையாளம் விடாமல் ஓர் ஆளை உட்கார வைக்கிற வித்தை.

அந்த அம்மாளைக் கூப்பிட்டார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வெள்ளைச் சேலைகூடக் கிடைக்காமல் பழைய பழுப்புச் சேலை கட்டியிருந்தாள். சத்தியம் வாங்கினேன். ஊர், தகப்பன் பெயர் கேட்டு மாஜிஸ்திரேட்டுக்குச் சொன்னேன். அவர் வெள்ளைக்காரர், வயதானவர், சாட்சி சொல்கிறவரைப் பார்க்கவே மாட்டார். தலையைக் குனிந்தபடி எழுதிக்கொண்டே போவார்.

"என்ன பார்த்தாய், சொல்லு" என்றேன்.

"எந்திரிடான்னு துரை கத்துனாரு. இவரு எந்திரிச்சாரு. காச்சலுங்க, நிக்க முடியலீங்கன்னு ரெண்டு கையாலயும் துரையோட கோட்டப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனாரு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட் எழுதினார்.

"அப்புறம்?"

"அப்புறம் துரை இப்படிச் செஞ்சாரு."

அவள் செய்து காட்டினாள். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். வலது குதிகால் தூக்கித் திரும்பியது. இடுப்பு திரும்பியது. முட்டி ஒரு சாண் போய் நின்றது. குத்துச்சண்டை என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பெண், லண்டன் பத்திரிகைக்காரர்களுக்கு எழுதத் தெரியாததை அப்படியே சாட்சிக் கூண்டுக்குள் செய்து காட்டினாள். அந்த ஒரு கணத்தை அவள் எத்தனை ஆயிரம் தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள்!

"பாக்கிறதுக்குச் சும்மா தட்டுன மாதிரிதாங்க இருந்துச்சு. ஆனா அவரு அப்படியே உக்காந்துட்டாரு."

மாஜிஸ்திரேட்டின் தலை குனிந்தே இருந்தது. பேனா காத்திருந்தது. "என்ன சொல்கிறாள்?"

கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி வாயால் சொல்லாமல் கையால் காட்டினால், 'சாட்சி சைகையால் காட்டுகிறார்' என்று மொழிபெயர்ப்பாளன் சொல்ல வேண்டும். அப்போது நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். அது என் வேலை. நான் வாயைத் திறந்தேன். குற்றவாளிக் கூண்டிலிருந்து துரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டுகிற பார்வை இல்லை. கெஞ்சுகிற பார்வையும் இல்லை. தாழ்வாரத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்தாரே, அதே பார்வை.

"பார்ப்பதற்குச் சும்மா தட்டியதுபோலத்தான் இருந்தது என்கிறாள். ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டாராம்" என்றேன்.

எழுதினார். முடிந்தது. விதிப்படி வாக்குமூலத்தை அவளுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன். அவள் சொன்ன சொல் எல்லாம் அதில் இருந்தது, ஒன்றும் மாறவில்லை. "சரிதாங்க" என்று சொல்லிப் பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள்.

தட்டினார் என்றுதான் அரசுத் தரப்புச் சாட்சியே சொல்கிறாள் என்று தீர்ப்பு. கைவைத்ததற்காக ஒரு சிறு அபராதம். துரை அன்றைக்கே வீட்டுக்குப் போனார். என்னைக் கடக்கும்போது தொப்பியைத் தொட்டார். அதுவரை எந்த வெள்ளைக்காரரும் எனக்காகத் தொப்பியைத் தொட்டதில்லை.

அந்த அம்மாள் படியில் நின்று என்னைக் கேட்டாள். "அய்யா, நான் சொன்னத அப்படியே சொன்னீங்களா?"

"அப்படியேதாம்மா சொன்னேன்."

"பின்ன ஏன் விட்டுட்டாங்க?"

"டாக்டர் அப்படிச் சொல்லிவிட்டார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன், தூங்கினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் பாவ அறிக்கை சொல்லும் இடம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். மூன்று ஞாயிறு அப்படிப் போனது. நான்காம் ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் டிராம் ஏறி க்யிம்யிண்டைங் போனேன்.

மில்லுக்குப் பின்னால் கூலி லைன். ஓர் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். அவள் வெளியே, பர்மியர்களின் மீன் விழுதான ஙாப்பி காயவைத்திருந்த பாய்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ செய்து காட்டியதை நான் சொல்லாமல் விட்டேன், மாஜிஸ்திரேட் பார்க்கவே இல்லை, அது எப்படிப்பட்ட அடி என்று எனக்குத் தெரியும் என்றேன்.

அவள் முறத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தாள்.

"நீங்க சொல்லியிருந்தா அவர ஜெயில்ல போட்டிருப்பாங்களா?"

"போட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்."

"எனக்கும் அது தெரியும். வெள்ளக்காரன வெள்ளக்காரன் உள்ள போடுவானா?" முறத்தைக் கீழே வைத்தாள். "ஆனா நீங்க சொல்லியிருக்கணும். தட்டுனாருன்னு நானே சொன்னதா இங்க எல்லாரும் பேசுறாங்க. துரைகிட்ட எதையோ வாங்கிக்கிட்டு அப்படிச் சொன்னேன்னு எங்க அண்ணனே கேக்குது. நான் காட்டுனேன், நீங்க பாத்தீங்க. அத யாரு வந்து இவங்ககிட்ட சொல்லுவா?"

நான் சொல்கிறேன் என்றேன். அந்த லைனிலிருந்த ஆட்களைக் கூப்பிட்டு அங்கேயே சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். கோர்ட் ஆள் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு வந்து இதைச் சொல்வானேன் என்ற சந்தேகம்தான் அவர்கள் முகத்தில் தெரிந்தது. வந்ததால் அவளுக்கு நல்லது செய்தேனா, இன்னொரு வம்பை இழுத்துவிட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மழைக்கு முன்பே அவள் அண்ணனோடு ஊருக்குக் கப்பலேறிப் போய்விட்டாள்.

வழக்குக்குப் பிறகு மில்காரர்கள் துரையை வேலையிலிருந்து மெல்ல விலக்கினார்கள். அவர் ஆற்றோரம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வெள்ளைக்காரப் பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்த்தாராம். வந்தவர்கள் மில் காவல்காரர்கள். பிறகு மேஸ்திரிகள். அவர்களும் முக்கால்வாசி நம்மவர்கள்தான். அவர்களுக்குக் கால் வேலை வேண்டாம், தடுப்பு வேண்டாம், சண்டை மேடை விதிகள் வேண்டாம். எல்லோரும் கேட்டது அந்த ஒரே குத்தைத்தான். சொல்லிக்கொடுத்தார்.

ஒரு வருஷத்துக்குள் அது எங்கள் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. கூலிகள் வந்து இடது விலாவைத் தொட்டுக் காட்டுவார்கள். மேஸ்திரி குத்துத்துரை வைத்துவிட்டார் என்பார்கள். ஜெட்டித் தமிழில் அந்த ஆளின் பெயரே அடியின் பெயராகிவிட்டது. சட்டையைத் தூக்கினால் அடையாளம் இருக்காது. வழக்கு தள்ளுபடியாகும். வழக்குப் போட்டதற்காக மறுபடி அடி வாங்க அவர்கள் திரும்பிப் போவார்கள். இத்தனை வழக்குகளிலும் நான் ஒரு காரியத்தை மட்டும் விடவில்லை. சாட்சி கையை அசைத்தாலே, "சைகையால் காட்டுகிறார்" என்று உரக்கச் சொல்வேன். அந்த வயதான மாஜிஸ்திரேட் ஒரு நாள் எரிச்சலோடு, "அவர்கள் எப்போதும்தான் கையை ஆட்டுகிறார்கள்" என்றார்.

அவருக்குப் பிறகு ஒரு பர்மியர் மாஜிஸ்திரேட்டாக வந்தார். நிமிர்ந்து பார்க்கிறவர். அவர் முன்னால் ஒரு வழக்கு வந்தது. தமிழ் மேஸ்திரி ஒருவர், தன்கீழ் வேலை செய்த கூலியைக் குத்தியிருந்தார். அந்த ஆள் இரண்டு நாள் ரத்தமாகச் சிறுநீர் கழித்து, எப்படியோ பிழைத்துக்கொண்டார். மேஸ்திரி தரப்பில் பழைய பாட்டுத்தான். தொட்டேன், அடிக்கவில்லை. அடையாளம் எங்கே? கூலி செய்து காட்டினார். நான் சொன்னேன். மாஜிஸ்திரேட் பார்த்தார்.

"இவ்வளவு குட்டையான அடியில் ஒருவனுக்கு இப்படி ஆகுமா?" என்று கேட்டார். அரசு வக்கீல், இதைக் கற்றுக்கொடுத்தவர் இந்த ஊரிலேயே இருக்கிறார், அழைக்கலாம் என்றார்.

துரை வந்தார். பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாற்பது தாண்டியிருக்காது, ஆனால் கிழவராக இருந்தார். வாங்கிய அடிகளெல்லாம் தாமதமாக வந்து சேர்ந்ததுபோல வார்த்தைகள் குழறின, தலை ஓயாமல் லேசாக ஆடியது. பைபிளைப் பிடித்த கை நடுங்கியது. ஆனால் அவருடைய அடியைப் பற்றிக் கேட்டதும் முகம் தெளிந்தது. கோர்ட் சேவகரை எதிரே நிற்கச் சொல்லிச் செய்து காட்டினார். குதிகால், இடுப்பு, முட்டி. சேவகரின் சட்டைக்கு ஓர் அங்குலம் முன்னால் முட்டி நின்றது. அந்தக் கணத்தில் நடுக்கமே இல்லை.

"அடையாளம் இருக்குமா?"

"இருந்தால் சரியாகக் குத்தவில்லை என்று அர்த்தம்."

"இதனால் ஒருவன் சாவானா?"

"உடம்பு நன்றாக இருந்தால் சாவது அபூர்வம். காய்ச்சல்காரன் என்றால்..." நிறுத்தினார். "சாவான்."

"நீங்கள் கண்டிருக்கிறீர்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒரு தடவை" என்றார்.

ஏதோ பழைய போட்டியைச் சொல்கிறார் என்று நினைத்து மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். எனக்குத் தெரியும். சண்டை மேடையில் அவர் கையால் யாரும் செத்ததில்லை. அவருடைய எல்லாச் சண்டைகளையும் நான் படித்திருந்தேன். குற்றவாளிக்குப் புரிவதற்காக நான் அதைத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன். காய்ச்சல்காரனாக இருந்தால் சாவான், ஒரு தடவை கண்டிருக்கிறேன் என்கிறார் என்று, பின்வரிசைவரை கேட்கும்படி சொன்னேன். பின்வரிசையில் க்யிம்யிண்டைங் ஆட்கள் இருந்தார்கள். முணுமுணுப்பு எழுந்தது. சேவகர் அதட்டி அடக்கினார்.

மேஸ்திரிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. நம் ஆளுக்குக் கிடைத்தது, துரைக்குக் கிடைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே தாழ்வாரத்தில் துரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போனேன்.

"அவன் உள்ளே வந்தான்" என்றார், நான் எதுவும் கேட்காமலே. "கோட்டைப் பிடித்தான். இருபது வருஷமாக இந்தக் கைக்கு நான் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். உள்ளே வருகிறவனை விடாதே. அது கேட்கவில்லை, செய்துவிட்டது."

"அவர் கெஞ்சத்தான் வந்தார்."

"தெரியும். உட்கார்ந்த பிறகு தெரிந்தது." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அந்தப் பெண் செய்து காட்டினாளே, அப்படியே என்னைப்போல. அன்றைக்கு நீ சொல்வாய் என்று நினைத்தேன். ஏன் சொல்லவில்லை?"

பயம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது பாதிதான். "உங்கள்மேல் எனக்கு மதிப்பு இருந்தது" என்றேன்.

அவர் கையைப் பார்த்தார். அது மறுபடியும் நடுங்க ஆரம்பித்திருந்தது. "சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அவளும் அதையேதான் சொல்லியிருந்தாள். அவள் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சொன்னபோது கோபம் வந்தது. தானே வாயைத் திறந்து சொல்லியிருக்கக்கூடிய மனிதர்தானே! திரும்பி உள்ளே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் தர்ம ஆஸ்பத்திரியில் இறந்தார். கடைசி மாதங்களில் தன் பெயரே அவருக்கு நினைவில்லை என்றார்கள். அடக்கத்துக்குப் போனேன். பாதிரியார், ஆஸ்பத்திரி ஆள் ஒருவர், அவரிடம் கற்றுக்கொண்ட மேஸ்திரிகள் நான்கு பேர். மேஸ்திரிகள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து, இவருடைய சண்டைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியுமாமே என்று கேட்டார். வென்றது, தோற்றது எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து சொன்னேன். கால் மந்தம், ஆனால் ஒட்டி நின்று ஆடுவதில் அவரை மிஞ்சிய ஆளில்லை என்றும் சொன்னேன். ஜெட்டியில் செத்தவரைப் பற்றியும் சொன்னேன். பேனா நின்றது. "அது விளையாட்டுப் பக்கத்துக்குச் சேராது" என்றார். மறுநாள் பத்து வரி வந்தது. நல்ல வரிகள்தான். தப்பு ஒன்றும் இல்லை.

அன்று கோர்ட்டில் பழைய வழக்குக் கட்டை எடுத்து அந்த அம்மாளின் வாக்குமூலத்தைத் தேடினேன். அவளுடைய ஊர்ப்பெயர் என் கையெழுத்திலேயே ஓரத்தில் இருந்தது. அந்த ஊருக்கு அவள் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். துரை கோர்ட்டில் நின்று சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். பின்வரிசையில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள் என்றும், 'தட்டினார்' என்று நீ சொன்னதாக லைனில் இப்போது யாரும் பேசுவதில்லை என்றும் எழுதினேன். இரண்டாவது சங்கதி உண்மையா என்று எழுதும்போது நான் விசாரித்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு க்யிம்யிண்டைங் போய் விசாரித்தேன். லைனில் எல்லோரும் புது ஆட்கள். அவளையோ அவள் புருஷனையோ தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டியிருந்தால்தான் உண்டு. எதையும் விடாமல் வாசித்தார்களா என்று எனக்குத் தெரியாது.